வெள்ளை மாளிகைக்கு முன்பே விளக்கேற்றிய மன்னன்



ஹவாய் என்று சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? காலில் கிடக்கிற ஹவாய் செருப்பு. இன்னும் கொஞ்சம் யோசித்தால் எரிமலை, பூமாலை போட்டுக்கொண்டு ஆடுகிற நடனம், 1941இல் ஜப்பான் குண்டு போட்ட பேர்ல் ஹார்பர். அவ்வளவுதான். அங்கே ஒரு ராஜ்ஜியம் இருந்தது, அதற்கென்று சொந்தக் கொடி, சொந்தத் தபால்தலை, பல நாடுகளில் தூதர்கள் எல்லாம் இருந்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ராஜ்ஜியத்தின் கடைசி மன்னர் கலாகௌவாவின் கதையைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். (கடைசி மன்னர் என்றுதான் சொல்கிறேன். அவருக்குப் பிறகும் அவருடைய தங்கை லிலியுவோகலானி இரண்டு வருடம் ஆண்டார்.)

டிப்ளமோ படிக்கிற நமக்கு எதற்கு ஹவாய் ராஜா கதை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அவர் எடிசனை நேரில் போய்ப் பார்த்துப் பேசிய ராஜா. நம்மைப் போன்ற வயசுப் பிள்ளைகளை அரசாங்கச் செலவில் வெளிநாட்டுக்குத் தொழில் படிக்க அனுப்பிய ராஜா. நம்ம நூலகத்துக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தெராஜா இருக்கா என்று கேட்டுவிட்டு, இல்லைன்னா அப்படியே திரும்பி வந்துடறோம். பக்கத்திலேயே இருக்கிற வரலாற்று அலமாரியை யாரும் தொடுவதில்லை. அந்த அலமாரிப் பக்கம் நாலு பேராவது போகட்டும் என்பது இந்தக் கட்டுரையின் சின்ன ஆசை.

கலாகௌவா பிறந்தது 1836 நவம்பர் 16ஆம் தேதி, ஹொனலுலுவில். பெரிய குடும்பத்துப் பிள்ளை. ஆனால் நேர் பட்டத்து வாரிசு கிடையாது. பிறந்த குழந்தையை வேண்டிய ஒரு குடும்பத்துக்குக் கொடுத்து வளர்க்கச் சொல்வது அந்த ஊர் வழக்கம். இவரையும் அப்படித்தான் வேறொரு அம்மா மாவீ தீவில் வைத்துக் கொஞ்ச காலம் வளர்த்தார். பிறகு அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய அரச குலப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே ஆங்கிலம் படித்தார். கடைசி வரைக்கும் ஹவாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி சரளமாகப் பேசவும் எழுதவும் அவரால் முடிந்தது. சட்டம் படித்தார். அரசாங்கத்தில் பல வேலைகள் பார்த்தார். 1863இல் தபால் துறைக்குத் தலைவராகக்கூட இருந்தார்.

இதற்கெல்லாம் நடுவில் அவர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 1861இல் ஹவாய் மக்கள் தாங்களே சொந்தமாக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். பெயர் பசிபிக் நட்சத்திரம் என்ற அர்த்தம் தரும் கா ஹோகு ஓ கா பகிபிகா. அதுவரை அந்த மொழியில் வந்த பத்திரிகைகளெல்லாம் பாதிரிமார் கையிலோ அரசாங்கத்தின் கையிலோதான் இருந்தன. இந்தப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர்களில் 25 வயதுகூட முழுசாக ஆகாத கலாகௌவாவும் ஒருவர். பழைய கதைகள், பாட்டுகள் எல்லாம் அதில் வந்தன. பாதிரிமாருக்கு அது பிடிக்கவில்லை. இவர்கள் விடவுமில்லை.

அந்தக் காலத்து ஹவாயின் நிலைமையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். 1778இல் கேப்டன் குக் அங்கே வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் வந்த கப்பல்களில் வியாபாரிகளும் வந்தார்கள், வியாதிகளும் வந்தன. தட்டம்மை, பெரியம்மை, இருமல் காய்ச்சல் என்று எதையும் அதற்கு முன் பார்த்திராத உடம்புகள். 1853இல் வந்த பெரியம்மை மட்டும் ஆயிரக்கணக்கான பேரைக் கொண்டுபோனது. லட்சக்கணக்கில் இருந்த ஜனம் நூறு வருஷத்துக்குள் சுருங்கி 1872 கணக்கெடுப்பில் மொத்தத் தீவுகளிலும் சேர்த்து 56,897 பேர் என்று வந்து நின்றது. அதிலும் ஒரு பகுதி வெளியிலிருந்து வந்தவர்கள். நம்ம ஊரில் ஒரு நடுத்தர நகரத்தின் ஜனத்தொகைகூட இல்லை. ஒரு நாட்டின் ராஜாவுக்கு முன்னால், தன் ஜனம் இந்த நூற்றாண்டோடு முடிந்துவிடுமோ என்ற கேள்வி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் நிலம். 1850லிருந்து வெளிநாட்டுக்காரர்களும் நிலம் வாங்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. பாதிரிமாரின் பிள்ளைகளும் பேரன்களும் கரும்புத் தோட்டக்காரர்களாக மாறிக்கொண்டிருந்தார்கள்.

1872 டிசம்பரில் ஐந்தாம் கமேஹமேஹா வாரிசு சொல்லாமல் இறந்துபோனார். அப்போது ராஜாவையே தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கலாகௌவா நின்றார். லுனலிலோ என்பவர் ஜெயித்தார். அவர் ஒரு வருஷம்தான் இருந்தார், 1874 பிப்ரவரி 3ஆம் தேதி காலமானார். மறுபடி தேர்தல். இந்தத் தடவை எதிரே நின்றவர் முந்தைய ராஜா ஒருவரின் மனைவி, ராணி எம்மா. பிப்ரவரி 12ஆம் தேதி சட்டசபையில் ஓட்டுப் போட்டார்கள். கலாகௌவாவுக்கு 39, எம்மாவுக்கு 6. ஆனால் வெளியே கூடியிருந்த கூட்டத்தில் எம்மாவின் ஆட்கள்தான் அதிகம். கோர்ட் கட்டிடத்துக்குள் புகுந்து நாற்காலி மேசையெல்லாம் உடைத்து, ஓட்டுப் போட்ட உறுப்பினர்களையும் அடித்துவிட்டார்கள். துறைமுகத்தில் நின்ற அமெரிக்க, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலிருந்து சிப்பாய்களை இறக்கித்தான் கலவரத்தை அடக்கினார்கள். வெளிநாட்டுத் துப்பாக்கியின் துணையோடு ஆரம்பித்த ஆட்சி அது. இதைப் பின்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதவிக்கு வந்த அந்த வருஷமே அமெரிக்காவுக்குப் போனார். ஜனாதிபதி கிராண்ட்டைச் சந்தித்தார். 1875இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1876லிருந்து ஹவாய் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குப் போனது. விளைவு? பதினைந்து வருஷத்துக்குள் ஏற்றுமதி ஏறக்குறைய பத்து மடங்கு ஆனது. சர்க்கரை ஆலைகள், தண்ணீர்க் கால்வாய்கள், தோட்டத்துக்குள் ரயில் பாதை என்று ஊரே மாறியது. சிவில், மெக்கானிக்கல்காரர்களுக்கு அங்கே நல்ல வேலை இருந்திருக்கும்! ஆனால் லாபம் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் பைக்கு. வெட்டுவதற்கு ஆள் வேண்டுமே, அதற்குச் சீனாவிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும், 1885க்குப் பிறகு ஜப்பானிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தொழிலாளர்கள் வந்தார்கள். பிஜி, நேட்டால், மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு நம்ம ஜனங்கள் போன காலமும் இதேதான். தித்திப்புக்குப் பின்னால் இருக்கிற கதை எல்லாத் தீவிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

1881 ஜனவரி 20ஆம் தேதி கலாகௌவா உலகப் பயணம் புறப்பட்டார். ஆட்சியில் இருந்துகொண்டே உலகத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்த முதல் மன்னர் இவர்தான். கூட வந்தவர்கள் அதிகமில்லை. அட்டர்னி ஜெனரல் ஆம்ஸ்ட்ராங், அரண்மனை அதிகாரி ஜட், சமையல்காரர் ஒருவர். ஜப்பானில் மெய்ஜி சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அங்கே யாரும் எதிர்பார்க்காத இரண்டு யோசனைகளை முன்வைத்தார். ஒன்று, ஆசிய நாடுகளெல்லாம் ஒரு கூட்டணியாகச் சேர வேண்டும். இன்னொன்று, தன் தங்கையின் மகள் கையுலானிக்கும் ஒரு ஜப்பானிய இளவரசருக்கும் கல்யாணம். கையுலானிக்கு அப்போது வயசு ஐந்து! இரண்டுக்குமே ஜப்பானியர்கள் பிற்பாடு மரியாதையாக மறுப்புச் சொல்லிவிட்டார்கள். சிரிப்பாகத் தெரியலாம். ஆனால் பெரிய நாடுகள் சின்ன நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், தூரத்தில் இருக்கிற ஒரு குட்டித் தீவின் ராஜா துணை தேடி அலைந்தார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

சீனா, சயாம், சிங்கப்பூர், பர்மா வழியாக இந்தியாவுக்கும் வந்தார். கல்கத்தாவில் இறங்கி, நல்ல கோடை வெயிலில் ரயிலேறி பம்பாய் போய்ச் சேர்ந்தார். நம்ம சென்னைப் பக்கம் வரவில்லை. பிறகு எகிப்து, ரோமில் போப்பாண்டவர், லண்டனில் விக்டோரியா மகாராணி என்று எல்லா இடத்திலும் ராஜ மரியாதை. இந்தப் பயணத்தைப் பற்றி ஆம்ஸ்ட்ராங் 1904இல் ஒரு புத்தகம் எழுதினார். படிக்க சுவாரசியமான புத்தகம்தான். ஆனால் ராஜாவைப் பக்கத்துக்குப் பக்கம் கிண்டல் செய்வார். ராஜ்ஜியம் போன பிறகு, செத்துப்போனவரைப் பற்றி, அவருடைய சோற்றைத் தின்றவர் எழுதியது என்பதை மனசில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அதற்கு மாற்று மருந்து மாதிரி, அரசி லிலியுவோகலானி 1898இல் எழுதிய தன் வரலாறு இருக்கிறது. அண்ணனைப் பற்றித் தங்கை எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மனுஷர் கண்ணுக்குத் தெரிவார்.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். திரும்பும் வழியில், 1881 செப்டம்பரில், நியூயார்க்கில் எடிசனைச் சந்தித்தார் கலாகௌவா. தேதியைக் கவனியுங்கள். எடிசனின் முதல் பெரிய மின்நிலையமான பேர்ல் தெரு நிலையம் ஓட ஆரம்பித்தது 1882 செப்டம்பரில். அதாவது ஒரு வருஷம் முன்னாலேயே இவர் போய் நின்றுவிட்டார். ஊரில் அவருக்குப் புது அரண்மனை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் ஹொனலுலுவுக்கும் எந்த விளக்கு சரிப்படும் என்பது அவர் கவலை. பேச்சோடு பேச்சாக, ஹவாயில் எரிமலை இருக்கிறதே, அந்தச் சூட்டில் நீராவி எடுத்து மின்சாரம் தயாரிக்க முடியுமா என்கிற விஷயமும் வந்தது. அன்றைக்கு அது பாதி வேடிக்கைப் பேச்சு. ஆனால் 1993லிருந்து ஹவாய்ப் பெருந்தீவில் பூமிச்சூட்டு மின்நிலையம் ஒன்று வியாபார ரீதியில் மின்சாரம் கொடுத்தது. 2018இல் கிலவேயா எரிமலை பொங்கி வந்து லாவா அந்த நிலையத்தையே மூட வைத்தது, 2020இல் மறுபடி ஓட ஆரம்பித்தது. புவிவெப்ப மின்சாரம் என்று நம்ம பாடத்தில் அரைப் பக்கம் வருமே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கு!

இயோலானி அரண்மனை 1882இல் முடிந்தது. மூன்று லட்சம் டாலருக்கு மேல் செலவு. முதலில் எரிவாயு விளக்குகள்தான் போட்டார்கள். தொலைபேசி வைத்தார்கள். 1886 ஜூலை 21ஆம் தேதி இரவு அரண்மனை வளாகத்தில் சோதனைக்காக ஆர்க் விளக்குகளை எரியவிட்டார்கள். பார்க்க ஊரே திரண்டுவிட்டது. நம்ம ஊர்த் திருவிழாவில் முதல்முதலாக சீரியல் செட் போட்ட அன்றைக்கு எப்படி இருந்திருக்கும், அதுபோல. 1887இல் அரண்மனைக்குள் குண்டு பல்புகள் வந்தன. அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்கு மின்சாரம் வந்தது 1891இல். நாலு வருஷம் பின்னால்!

அரண்மனையோடு நிற்கவில்லை. நுவானு பள்ளத்தாக்கில் இறங்கி வரும் தண்ணீரை வைத்து மின்சாரம் எடுத்து, 1888 மார்ச் 23ஆம் தேதி ஹொனலுலு தெருவிளக்குகளை எரியவிட்டார்கள். சுவிட்சைப் போட்டது இளவரசி கையுலானி. ஜப்பானில் கல்யாணம் பேசப்பட்ட அதே பெண், அப்போது வயசு 12. பசிபிக் கடலுக்கு நடுவில், எந்தக் கரையிலிருந்தும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஒரு ஊரில், டைனமோவிலிருந்து கம்பி வரைக்கும் ஒவ்வொன்றும் கப்பலில் வந்து இறங்க வேண்டும் என்ற நிலையில் நடந்தது இது.

ஆள் வேண்டாமா இதையெல்லாம் நடத்த? அதற்கும் ஒரு வழி செய்தார். 1880இல் சட்டசபை பணம் ஒதுக்க, ஹவாய் இளைஞர்களை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் திட்டம் ஆரம்பமானது. அடுத்த ஏழு வருஷத்தில் ஏறக்குறைய 18 பேர் போனார்கள், அதில் ஒரு பெண்ணும் உண்டு. இத்தாலியில் ராணுவப் பள்ளிக்குச் சிலர், சீனாவுக்கு ஒருவர், ஜப்பானுக்கு இருவர், இங்கிலாந்துக்கு, கலிபோர்னியாவுக்கு. எனக்கு நெருக்கமாகப் பட்டவர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போனவர்கள். அவர்கள் இரும்புத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து எஞ்சினியரிங் கற்றார்கள். வருஷம் முழுக்க வெயிலும் கடல் காற்றும் அடிக்கிற ஊரில் பிறந்த பிள்ளை, கிளாஸ்கோ குளிரில், புகை மண்டிய பட்டறையில் நின்று அரம் போட்டுக் கற்றுக்கொள்கிறான். நம்ம வொர்க்ஷாப் கஷ்டமெல்லாம் அதன் முன்னால் எம்மாத்திரம்! கலிபோர்னியாவுக்குப் போன மூன்று இளவரசர்கள் 1885இல் சாண்டா குரூஸ் கடற்கரையில் மரப்பலகை செய்து அலைமேல் சறுக்கிக் காட்டினார்கள். அமெரிக்கக் கண்டத்தில் அலைச்சறுக்கு விளையாட்டுக்கு முதல் சாட்சி அதுதான் என்கிறார்கள்.

இவ்வளவு புதுசு தேடியவர் பழசை விட்டாரா என்றால், இல்லை. இங்கேதான் இவர் மற்ற நாகரிக ராஜாக்களிடமிருந்து மாறுபடுகிறார். ஹுலா நடனம் பாவம் என்று பாதிரிமார் சொல்லி, ஊருக்கு நடுவில் ஆட முடியாமல் அது ஒதுங்கிப் போயிருந்தது. 1883இல் தனக்கு முடிசூட்டு விழா நடத்தினார். பதவிக்கு வந்து ஒன்பது வருஷம் கழித்து! அந்த விழாவில் அரண்மனை வளாகத்திலேயே, எல்லோர் கண்முன்னாலும் ஹுலா ஆடினார்கள். பழைய பாட்டுகளைப் பாடினார்கள். எதிராளிகளுக்குப் பொறுக்குமா? ஆபாசம் என்று சொல்லி, நிகழ்ச்சி நிரலை அச்சடித்தவர் மேல் கேஸ் போட்டார்கள். அச்சகக்காரர் என்ன செய்வார் பாவம்.

உலகம் பிறந்ததிலிருந்து அரச வம்சம் வரை சொல்லும் குமுலிபோ என்ற ஹவாய் மொழிப் பாடல் ஒன்று உண்டு. இரண்டாயிரம் வரிக்கு மேல். தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகவே வந்தது. அதை 1889இல் அச்சேற்றியவர் கலாகௌவா. வயசானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம்ம ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். இரண்டு வருஷ இடைவெளியில், ஒருவரை ஒருவர் கேள்விப்படாத இரண்டு பேர், உலகத்தின் இரண்டு மூலையில். ஹவாய்ப் பழங்கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்திலும் 1888இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அது இன்றைக்கும் அச்சில் கிடைக்கிறது.

சிலைக் கதை ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. முதலாம் கமேஹமேஹாவுக்கு வெண்கலச் சிலை செய்ய ஐரோப்பாவில் சொல்லியிருந்தார்கள். வரும் வழியில் பாக்லாந்து தீவுப் பக்கத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. இன்சூரன்ஸ் பணத்தில் இரண்டாவது சிலை வார்த்தார்கள். அதற்குள் முதல் சிலையைக் கடலிலிருந்து எடுத்துவிட்டார்கள்! இரண்டாவது ஹொனலுலுவில் நிற்கிறது. கடலில் குளித்த முதல் சிலை கமேஹமேஹா பிறந்த கொஹாலா பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது.

எல்லாம் நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் நியாயமில்லை. கலாகௌவா செலவாளி. விருந்து, ஷாம்பெயின், சீட்டாட்டம் எல்லாம் உண்டு. உல்லாச மன்னர் என்றே பட்டப்பெயர். ஸ்ப்ரெக்கல்ஸ் என்ற சர்க்கரை முதலாளியிடம் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவன் சும்மா இருப்பானா? நிலமும் தண்ணீர் உரிமையும் அவர் பக்கம் போயின. ராஜாவின் தலை போட்ட வெள்ளி நாணயத்தைக்கூட அவர்தான் 1883இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சடிக்க ஏற்பாடு செய்து லாபம் பார்த்தார். அபின் விற்கும் உரிமம் தருவதாகச் சொல்லி ஒரு சீன வியாபாரியிடம் எழுபதாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, உரிமத்தை வேறொருவருக்குக் கொடுத்த விவகாரம் 1887இல் வெடித்தது. அதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். அதே வருஷம் சமோவாத் தீவுகளோடு கூட்டணி அமைக்க ஒரு பழைய கப்பலை வாங்கிப் போர்க்கப்பல் என்று பேர் வைத்து அனுப்பினார். ஜெர்மனி முறைத்தது. கப்பல் திரும்பி வந்தது.

இந்தத் தப்பெல்லாம் எதிராளிகளுக்கு வாயில் போட்ட வெல்லம். ஆனால் அவர்கள் கேட்டது நேர்மையான ஆட்சியை மட்டும்தானா என்று பாருங்கள். 1887 ஜூலை 6ஆம் தேதி, பெரும்பாலும் வெள்ளையர்களைக் கொண்ட ஹொனலுலு ரைபிள்ஸ் என்ற ஆயுதப்படையின் பின்பலத்தோடு ஒரு புது அரசியல் சட்டத்தை ராஜாவின் முன்னால் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார், வேறு வழியில்லை. அதனாலேயே அதற்குத் துப்பாக்கிமுனைச் சட்டம் என்று பேர். ராஜாவின் அதிகாரம் எல்லாம் மந்திரிசபைக்குப் போனது. மேல்சபைக்கு ஓட்டுப் போட 3,000 டாலர் சொத்தோ வருஷத்துக்கு 600 டாலர் வருமானமோ வேண்டும் என்றார்கள். ஹவாய்க்காரர்களில் பெரும்பாலோர் அடிபட்டுப்போனார்கள். சீனர், ஜப்பானியர் யாருக்கும் ஓட்டே இல்லை. ஆனால் நேற்று வந்து இறங்கிய அமெரிக்கர், ஐரோப்பியர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்காமலேயே ஓட்டுப் போடலாம்! அதே 1887இல் சர்க்கரை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது பேர்ல் ஹார்பரைப் பயன்படுத்தும் உரிமையும் அமெரிக்காவுக்குப் போனது. 1874இல் உதவிக்கு வந்த துப்பாக்கி 1887இல் எந்தப் பக்கம் திரும்பியது பார்த்தீர்களா?

புது மந்திரிசபை செய்த முதல் வேலைகளில் ஒன்று, வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்குப் பணத்தை நிறுத்தியது. சிக்கனமாம். பாதிப் படிப்பில் திரும்பி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவம் படிக்கப் போன ஒருவர் மட்டும் இங்கிலாந்திலேயே தங்கி டாக்டராகி, அங்கேயே வாழ்ந்து முடித்தார். மற்றவர்களில் பலர் ஊருக்கு வந்து படித்த படிப்புக்கு வேலையில்லாமல் நின்றார்கள். ஏழு வருஷம் இத்தாலியில் பீரங்கிப்படைப் படிப்புப் படித்த ராபர்ட் வில்காக்ஸ், இத்தாலிய மனைவியோடு வந்து இறங்கினார். வேலை கிடையாது. சான் பிரான்சிஸ்கோ போய் நில அளவை வேலை பார்த்துப் பிழைத்தார். சர்வே சங்கிலி பிடித்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

1889 ஜூலை 30ஆம் தேதி விடியற்காலை அதே வில்காக்ஸ் சுமார் 80 பேரோடு அரண்மனை வளாகத்துக்குள் புகுந்தார். பழைய அரசியல் சட்டத்தை மீட்பது நோக்கம். ராஜா அரண்மனையில் இல்லை, வரவும் இல்லை. பயந்தாரா, அல்லது தன்னை இறக்கிவிட்டுத் தங்கையை ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்தாரா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அரண்மனைக்குள் இருந்த காவல்படை கதவைத் திறக்கவில்லை. வெளியிலிருந்து துப்பாக்கிச் சூடு, டைனமைட். ஏழு பேர் செத்தார்கள், அத்தனை பேரும் கலகக்காரர்கள் பக்கம். வில்காக்ஸ் மேல் வழக்கு நடந்தது. ஜூரிகளாக உட்கார்ந்த ஹவாய்க்காரர்கள் அவரை விடுதலை செய்துவிட்டார்கள். பிற்பாடு 1900இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஹவாயின் முதல் பிரதிநிதியாகப் போனவரும் இந்த வில்காக்ஸ்தான். அடுத்து அந்த இடத்துக்கு வந்தவர், கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு விட்ட மூன்று இளவரசர்களில் ஒருவரான கூஹியோ. படிக்க அனுப்பிய பணம் வீண் போயிற்று என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மேலும் படிக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கைகெண்டால் என்பவர் எழுதிய ஹவாய் ராஜ்ஜிய வரலாற்றின் மூன்றாம் தொகுதி முழுக்க இந்தக் காலத்தைப் பற்றியதுதான். 1967இல் வந்தது. தடிமனான புத்தகம், ஆங்கிலமும் கொஞ்சம் கடினம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஆனால் அவர் ஆங்கில ஆவணங்களையே பெரிதும் நம்பினார் என்று ஒரு குறை உண்டு. 2004இல் நோவெனோவே சில்வா என்ற ஹவாய் அறிஞர் ஹவாய் மொழிப் பத்திரிகைகளைப் படித்து எழுதிய புத்தகம் வந்தபோதுதான், அந்த ஜனங்கள் எவ்வளவு எதிர்த்தார்கள், ஆயிரக்கணக்கில் எப்படிக் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள் என்பதெல்லாம் வெளியுலகத்துக்கு நன்றாகத் தெரிந்தது. 1834 முதல் 1948 வரை அந்த மொழியில் நூறு பத்திரிகைகளுக்கு மேல் வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றை இப்போது ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பார்க்க வைத்திருக்கிறார்கள். மொழி தெரியாவிட்டாலும் ஒரு தடவை பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நம்ம நூலகத்தில் இல்லாத புத்தகத்துக்குப் பரிந்துரைப் படிவம் எழுதிக் கொடுக்கலாம் என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன். சும்மா கிடக்கிற படிவம்தானே.

1890 கணக்கெடுப்பில் தீவுகளின் ஜனத்தொகை 89,990 ஆக ஏறியிருந்தது. அதில் ஹவாய்க்காரர்கள், கலப்புப் பிள்ளைகளையும் சேர்த்து, 40,622 பேர்தான். சொந்த ராஜ்ஜியத்தில் பாதிக்கும் கீழே. ஜனத்தைப் பெருக்குவோம் என்பதையே தன் ஆட்சியின் கொள்கையாக வைத்திருந்த மனுஷருக்கு அந்த எண்ணைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்!

அந்த வருஷக் கடைசியில் அவருக்கு உடம்பு மிகவும் மோசமானது. சிறுநீரகக் கோளாறு. அமெரிக்கக் கடற்படைக் கப்பலான சார்ல்ஸ்டனில் ஏறி 1890 நவம்பர் 25ஆம் தேதி கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். காற்று மாறினால் உடம்பு தேறும் என்ற நம்பிக்கை. தேறவில்லை. 1891 ஜனவரி 16ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பேலஸ் ஓட்டலில் படுத்திருந்தவர் முன்னால் எடிசன் போனோகிராப் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஹவாய் மொழியில் தன் ஜனங்களுக்குச் சில வார்த்தைகள் பேசினார். அது மெழுகு உருளையில் பதிவானது. அந்த உருளை இன்றும் ஹொனலுலுவில் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேய்ந்துபோய்விட்டது.

நாலு நாள் கழித்து, ஜனவரி 20ஆம் தேதி, கலாகௌவா காலமானார். உலகப் பயணம் புறப்பட்ட தேதிக்குச் சரியாகப் பத்து வருஷம். வயது 54.

ஹொனலுலுவில் தெருவுக்குத் தெரு மின்விளக்கு இருந்தது. அரண்மனையில் தொலைபேசி இருந்தது. ஆனால் வெளியுலகத்தோடு இணைக்கும் கடலடித் தந்திக் கம்பி மட்டும் இல்லை. அது வந்தது 1902 கடைசியில்தான். அதனால் ராஜா இறந்த செய்தி ஒன்பது நாளாக அங்கே யாருக்கும் தெரியாது. குணமாகி வருகிறார் என்று நினைத்து வரவேற்பு வளைவுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள், தோரணம் தொங்கவிட்டார்கள். ஜனவரி 29ஆம் தேதி காலை சார்ல்ஸ்டன் கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. கரையில் இருந்தவர்கள் ஏணியைப் போட்டு, காலையில் கட்டிய தோரணங்களை அவிழ்த்துவிட்டுக் கறுப்புத் துணியைக் கட்ட ஆரம்பித்தார்கள்.